மருந்துக்குப் பிந்தியவன், பரிசோதனைக்கு முந்தியவன்



தமிழ்க் கழக மலரில் இதை எழுதலாமா என்று இருமுறை யோசித்தேன். கடந்த தவணையில் ஓரிரவு விடுதியில் என் அறைக்கதவைத் தட்டிய தம்பி ஒருவன்தான் என்னை எழுத வைத்தான். “என் பெயர் மட்டும் வேண்டாம்” என்பதே அவன் இட்ட ஒரே நிபந்தனை.

“அண்ணே, நீங்க மருந்தியல்தானே படிக்கிறீங்க? அஞ்சு நாளைக்கு முன்னால ஆணுறை இல்லாம ஒருத்தரோட இருந்துட்டேன். இன்னிக்குச் சுயபரிசோதனைக் கருவி வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடுதான் வந்துச்சு. எச்.ஐ.வி. இல்லைதானே? இனிமே பயமில்லைதானே?”

அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி! ஆனால், உண்மை வேறு. அவன் மருந்துக்குப் பிந்திவிட்டான், பரிசோதனைக்கோ முந்திவிட்டான்.

எப்படித் தொற்றுகிறது?

இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியே இக்கிருமி பரவுகிறது. ஆணுறையில்லா உடலுறவும், ஊசியைப் பகிர்ந்துகொள்வதும் முக்கிய வழிகள். உடலுறவில் மலவாய்வழி உறவே அதிக ஆபத்தானது. கொசுக்கடி, கைகுலுக்கல், ஒரே தட்டில் உண்பது, பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் தொற்றாது. நம்மில் பலர் அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை அலட்சியப்படுத்துகிறோம். ஆளைப் பார்த்து ஆரோக்கியத்தை அறிய முடியாது என்பதையும் நினைவில் கொள்வோம்.

முதல் 72 மணி நேரம்

ஆபத்தான தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்திற்குள் ‘பெப்’ எனப்படும் தடுப்பு மருந்தைத் தொடங்கினால், தொற்று நிலைபெறாமல் தடுக்க வாய்ப்புண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். தம்பி வெட்கத்தில் கழித்த ஐந்து நாள்களில் இந்த வாய்ப்பு கைநழுவிவிட்டது.

எப்போது பரிசோதிப்பது?

கிருமி நுழைந்த உடனே பரிசோதனையில் தெரியாது. இந்த இடைவெளியைச் ‘சாளரக் காலம்’ என்பர். கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ஆய்வுக்கூட இரத்தப் பரிசோதனை 45 நாளில் நம்பகமான விடை தரும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சுயபரிசோதனைக்கு 90 நாள் ஆக வேண்டும். ஆகவே, ஐந்தாம் நாள் வந்த ஒற்றைக் கோட்டை நம்பி நிம்மதியடைய முடியாது. இரண்டு கோடு வந்தாலும் அதுவே இறுதியன்று. ஆய்வுக்கூடம் உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு வரலாம். பலர் அதைச் சளிக்காய்ச்சல் என்றே நினைப்பர். சிலருக்கோ எந்த அறிகுறியும் இராது. அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது தவறு.

இன்னொன்று! வளாகத்தில் இரத்த தான முகாம் நடக்கும்போது, “கொடுத்தால் அவர்களே சோதித்துச் சொல்வார்கள்” என்று எண்ணாதீர்கள். சாளரக் காலத்தில் கொடுத்த இரத்தம், ஒரு பாவமும் அறியாத நோயாளியைப் பாதிக்கலாம்.

முடிவு எதுவானாலும்...

45ஆம் நாள் நான் தம்பியுடன் பரிசோதனைக்குச் சென்றேன். முடிவை இங்கு எழுதப்போவதில்லை; அது அவனுடையது. ஒன்று மட்டும் சொல்வேன். இன்று எச்.ஐ.வி. மரண தண்டனையன்று. தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின்வழி பிறருக்குத் தொற்றுவதில்லை. மலேசியா, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. காலத்தில் செய்யும் பரிசோதனையும் சிகிச்சையும் எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு இதுவே சான்று.

உங்கள் அறைக்கதவையும் ஒருநாள் ஒரு தம்பியோ தங்கையோ தட்டலாம். அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில், “எத்தனை மணி நேரமாயிற்று?” என்று கேளுங்கள்.