மூட்டை எண்ணுவதும் படிப்புதான்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கூட்டுறவு மொத்த விற்பனைப் பண்டகசாலையில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும்போல் இருக்கிறது. ‘மளிகை மூட்டை எண்ணவா பட்டப்படிப்பு?’ என்கிறாள் தோழி. போகலாமா?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தாராளமாகப் போங்கள். 1904-இல் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானதே உங்கள் ஊரில்தான். அதே ஆண்டு பிறந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் (டி.யு.சி.எஸ்.) உறுப்பினர்களுக்கு மளிகை விற்று வளர்ந்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்தவர்களில் பலர் நெசவாளர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரைதான் அவர்களின் முதல் சரக்கு.

பண்டகசாலையில் குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் விழும் அரிசியில் நொய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்க்கப் பழகுங்கள். இருப்புப் பதிவேட்டைக் கிடங்கோடு ஒப்பிடுங்கள். எடை எங்கே குறைகிறது என்று தேடுங்கள். உறுப்பினர்தான் முதலாளி, எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அப்படியானால் கொள்முதலை யார் முடிவு செய்கிறார்கள், லாபம் எப்படிப் பங்கு ஈவாகிறது என்று துணிந்து கேளுங்கள்.

வேலை நேரம், உதவித்தொகை, சான்றிதழ் மூன்றையும் சேருமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பட்டு நெசவாளர் சங்கங்கள் நிறைந்த ஊர் உங்களுடையது. கூட்டுறவுக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பெண் அங்கே அவசியம் தேவை.