வருவாயின் வலியறிதல்

நுழையும்முன்

மானாவாரி நிலத்தை நம்பிய உழவர்க்கு மழைநீரைத் தேக்கும் ஏரி எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது தனித்தொழில் புரிவோர்க்குச் சேமிப்பு. பெருகும் காலத்தில் தேக்கிவைக்கத் தவறினால், திறமை மிக்கவரும் கடனில் அமிழ நேரும். வருவாயை அளந்து வாழவும் கடனை முறையாக அடைக்கவும் வழிகாட்டுகிறது இப்பாடம்.

மாறும் வருவாய், மாறாத செலவு

மொழிபெயர்ப்பாளர், இசைக்கலைஞர், ஒளிப்படக் கலைஞர், கணினி வரைகலைஞர் எனத் தம் திறனையே முதலாகக் கொண்டு உழைப்போர் பலர். அவர்களுக்கு மாதந்தோறும் ஒரே ஊதியம் வருவதில்லை. திருமண ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் ஆண்டை நோக்குக. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்த நாள்கள் நிறைந்திருக்கும். அவருக்கு ஓய்வே இராது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நடைபெறுவது அரிது. ஆனால், வீட்டு வாடகையும் மின்கட்டணமும் ஆடி, மார்கழி பார்த்து நிற்பதில்லை.

இங்குதான் முதல் இடர் தோன்றுகிறது. ஆவணித் திருமணத்திற்காக ஆடியில் பெறும் முன்பணம் வருவாய் போலத் தோன்றும். உண்மையில் அது, செய்யப்படாத வேலைக்கான கடனே. அதனை வாடகைக்குச் செலவிட்டவர், திருமணத்தன்று உதவியாளருக்குக் கூலி கொடுக்கவும் கடன் வாங்க நேரிடும்.

தமக்குத் தாமே ஊதியம்

ஒளிப்படக் கலைஞர், தொழிற்செலவுகள் போக ஓராண்டில் 3,00,000 ரூபாய் ஈட்டுகிறார் எனக் கொள்க. சராசரியாகப் பார்த்தால் மாதம் 25,000 ரூபாய். அதனை முழுவதும் செலவிடாமல், வருவாய் அனைத்தையும் தனியானதொரு தொழிற்கணக்கில் செலுத்தி, அதிலிருந்து மாதம் 18,000 ரூபாயைத் தம் ஊதியமாக எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்த மாதங்களில் ஈட்டியது மார்கழியில் சோறிடும். ஆண்டிறுதியில் எஞ்சும் 84,000 ரூபாய், கடன் அடைக்கவும் கருவியைப் பழுதுபார்க்கவும் நோய் முதலிய எதிர்பாராத செலவுகளைத் தாங்கவும் உதவும்.

கடனை வரிசைப்படுத்துதல்

கடன்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. வங்கி நகைக்கடன், தவணைக்கடன், கடன் அட்டை நிலுவை, நண்பரிடம் பெற்ற கைமாற்று ஆகியவற்றின் வட்டி வெவ்வேறானது. ஆகவே, யாரிடம், எவ்வளவு, என்ன வட்டிக்கு, எப்போது திருப்பித்தர வேண்டும் என்பனவற்றை ஒரே தாளில் எழுதுவதே முதற்பணி. பின்னர், எல்லாக் கடன்களுக்கும் உரிய தவணையைத் தவறாது செலுத்தி, மிகுதிப் பணத்தை வட்டி மிகுந்த கடனுக்கு ஒதுக்குதல் வேண்டும்.

கடன் அட்டையில் 50,000 ரூபாய் நிலுவை. வட்டி மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் எனில், முதல் மாத வட்டி மட்டும் 1,500 ரூபாய். மாதம் 2,000 ரூபாய் செலுத்தினால் முதலில் குறைவது 500 ரூபாயே. அக்கடன் தீர ஏறத்தாழ 47 மாதங்களாகும். செலுத்தும் தொகை ஏறத்தாழ 94,000 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் செலுத்தினால் ஓராண்டளவில், ஏறத்தாழ 60,000 ரூபாயில் கடன் தீரும். மேற்கண்ட கலைஞரின் மிகுதிப் பணம் இதற்குப் போதுமானது.

கடனை மறைத்தல் கடனினும் கொடிது. கடன் கொடுத்தவரின் அழைப்பை ஏற்காது ஒளிபவர், கைமாற்றுத் தந்த நண்பரை இழப்பர். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை நாடுவர். உரிய நாளுக்கு முன்னரே நிலைமையை எடுத்துரைத்துக் காலநீட்டிப்புக் கேட்பது இழிவன்று. அளவுமீறிய வட்டி கேட்டு அச்சுறுத்துவோரிடம் சிக்கியவர் சட்டத்தை நாடலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் (1835–1910), அச்சுக்கோக்கும் எந்திரம் ஒன்றில் முதலிட்டுப் பெரும்பொருள் இழந்தார். அவருடைய பதிப்பகமும் 1894இல் நொடித்தது. முழுக்கடனையும் அடைக்கச் சட்டம் வற்புறுத்தாத நிலையிலும் அவர் அதனை அடைக்கத் துணிந்தார். பணப்பொறுப்பை நண்பர் ஹென்றி ரோஜர்ஸிடம் ஒப்படைத்து, 1895இல் உலகப் பயணம் தொடங்கினார். இந்தியா உள்ளிட்ட நாடுகளில் சொற்பொழிவாற்றினார். 1898இல் கடன் முழுவதையும் தீர்த்தார்.

வலிமை எது?

வருவாய், செலவு பற்றிய குறட்பாக்களை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. பகைமேற் செல்லுமுன் அரசன் தன் ஆற்றலை அளந்தறிதலைக் கூறுவது அவ்வதிகாரம். தனித்தொழில் புரிவோர்க்கும் அஃதே பொருந்தும். தம் வருவாயின் அளவை அறிந்தவரே, கூலி குறைந்த பணியை மறுக்கவும் விரும்பிய தொழிலில் நிலைத்து நிற்கவும் வலிமை பெறுவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தனித்தொழில் புரிவோர் ஒருவரைக் கண்டு, வருவாய் மிகும் மாதங்களையும் குறையும் மாதங்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. 'முன்பணமும் கடனே' என்னும் கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.