கிணறு வெட்டத் தெய்வம் வந்த ஊர்

கேள்வி: என் மகள் கட்டுரையில், ‘எதேச்சையாக நண்பியைச் சந்தித்தேன்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ‘தற்செயலாக’ என்று திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானே? ‘செரண்டிப்பிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் தற்செயல் என்றே எழுதலாமா?
– வாசகி ஒருவர், அன்புவழிபுரம், திருகோணமலை

பதில்: மகள் எழுதியது பிழையில்லை, ஆசிரியரின் திருத்தத்துக்கும் காரணம் உண்டு. வடமொழியில் ‘யதேச்சை’ என்றால் விருப்பப்படி. ‘யதிர்ச்சை’ என்றால் தானாக நேர்வது. தமிழில் இரண்டும் ‘எதேச்சை’ என்ற ஒரே ஒலிக்குள் வந்துவிட்டன. மனம்போனபடி ஆள்வது எதேச்சதிகாரம். வழியில் நண்பியைக் கண்டதும் எதேச்சை. ‘தற்செயல்’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. நம் பேச்சில் அது ‘ஒருவேளை’ என்றும் நிற்கும்: “தற்செயலா மழை வந்தாலும், குடையைக் கொண்டு போ.”

செரண்டிப்பிட்டி வேறு. 1754 ஜனவரி 28ஆம் திகதி ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஆக்கிய சொல் அது. மூலம், சரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் பற்றிய பழைய பாரசீகக் கதை. சரந்தீப் என்று அரபு வணிகர்கள் அழைத்தது நம் இலங்கையைத்தான். வழியோரத்தில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைப் பார்த்து, அவ்வழியே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லை என்று சொன்னவர்கள் அந்த இளவரசர்கள். கண்ணில் பட்டது தற்செயல். அதை விளங்கிக்கொண்டது கூர்மை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்.

இதற்கு உங்கள் ஊரே சாட்சி. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். மண்ணுக்குள் மறைந்த விக்கிரகங்கள் சில, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிணறு தோண்டியபோது வெளிவந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். திருகோணமலையில் சோமாஸ்கந்தர் எழுந்தருளினார். மண்வெட்டி அந்த இடத்தில் விழுந்தது தற்செயல். வந்தது யாரென்று அறிந்து, ஊர்வலமாக எடுத்துச் சென்று, 1963இல் குடமுழுக்குக் கண்டது ஊரின் நினைவும் பக்தியும்.

ஆகவே ‘தற்செயற்பேறு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. பெறுவதற்கு ஆள் இருந்தால்தானே பேறு? மகள் நண்பியைக் கண்டது தற்செயலாகவே இருக்கட்டும். நூலகத்தில் ஒன்றைத் தேடப்போய், தேடாத புத்தகமொன்றை எடுத்து, அதிலே மனம் பறிகொடுக்கும் நாளில், இந்தச் சொல்லை எழுதட்டும்.