தோழி எடுத்த படத்துக்குக் குறை சொல்வதா, வழி சொல்வதா?



தென்பெண்ணை ஆறு, முந்திரித் தோப்பு, பலா மரம் என்று நாமும் செல்போனில் படம் எடுக்கிறோம். கூட்டத்தில் காட்டினால், "என்னக்கா, ஒண்ணுமே தெரியல" என்று சொல்லிவிடுகிறோம். அதோடு அவர் படம் எடுப்பதையே விட்டுவிடுவார்.

1992-ல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊரையும் வாழ்க்கையையும் படம் எடுத்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சொன்னது அதிகாரிகள் வரை போய்ச் சேர்ந்தது.

நாமும் இப்படிப் பேசிப் பழகுவோம்:

1. முதலில் நல்லதைச் சொல்லுங்கள்: "கரை அரிச்சிருக்கிறது நல்லா தெரியுதுக்கா."

2. பிறகு கேளுங்கள்: "எதைக் காட்டணும்னு எடுத்தீங்க?"

3. ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்: "வெயில் உங்க முதுகுப் பக்கம் இருந்தா படம் இருட்டடிக்காது." அல்லது, "பக்கத்துல ஒரு ஆளை நிக்க வச்சா பள்ளத்தோட ஆழம் புரியும்."

குறை படத்தில்தான்; எடுத்தவரிடம் இல்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட நேரத்தில் மனுவோடு வைக்கும் படம் தெளிவாக இருந்தால், நம்ம பேச்சுக்கு வலு கூடும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு படம் கொண்டு வாருங்கள். பேசிப் பார்ப்போம்!