பழைய மிக்சர் வாங்கும் முன்: எத்தனை ட்ராக் வெளியே வரும்?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடுவதைப் பதிவு செய்து, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய ஆசை. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. தெரிந்த மைக் செட்காரர் ஒருவர் தன்னிடமிருக்கும் யமஹா எம்ஜி12எக்ஸ்யூ மிக்சரை 16,000 ரூபாய்க்குத் தருகிறார். “12 சேனல் இருக்கு, யுஎஸ்பி இருக்கு, லேப்டாப்ல சொருகுனா போதும்” என்கிறார். வாங்கலாமா, சார்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மேடைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். நீங்கள் சொல்லும் வேலைக்கு வேண்டாம்.

அது நல்ல மிக்சர். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அதன் யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போவது இடது, வலது என இரண்டே ட்ராக். 6 மைக்கைச் செருகினாலும் எல்லாம் உள்ளேயே ஒன்றாகிவிடும். பாலும் டிகாஷனும் கலந்த பிறகு பிரிக்க முடியாதது போலத்தான் இதுவும். அன்றைக்கு மிருதங்கம் ஓங்கியிருந்தால் பதிவிலும் ஓங்கியே இருக்கும். தொப்பியின் கனத்தைக் குறைக்க ஈக்யூவில் கை வைத்தால், பாடுபவரின் கீழ் ஸ்தாயியும் சேர்ந்து மெலிந்துபோகும்.

ஆகவே மிக்சரின் முகப்பில் எத்தனை சேனல் என்று எண்ணாதீர்கள். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் எத்தனை ட்ராக் தனித்தனியாகப் போகிறது என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், அந்த மாடலின் விவரக் குறிப்பில் யுஎஸ்பி என்ற வரியைப் பாருங்கள். ‘2 இன், 2 அவுட்’ என்றிருந்தால் அது உங்களுக்கானதல்ல.

உங்களுக்கு எத்தனை வேண்டும்? பாட்டுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என 2, கஞ்சிராவுக்கு 1, எலெக்ட்ரானிக் தம்புராவுக்கு 1. மொத்தம் 6. யாராவது கடம் கொண்டுவருவார், யாராவது கூடப் பாடுவார். 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பின் ஒருவராகப் பதிவதாக இருந்தால் 2 மைக் போடும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸே போதும், மிக்சரே தேவையில்லை. சினிமாப் பாட்டு வாசிக்கும் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவும் வருகிறது. உங்கள் இசை அப்படியல்ல. நிரவலில் பாடுபவர் எங்கே நிற்பார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. மிருதங்கம் அந்த நொடியில் கேட்டுத்தான் பதில் சொல்கிறது. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பதிய வேண்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் 25,000 ரூபாய்க்கு முதலில் தேட வேண்டியது, 8 மைக் ப்ரீஆம்ப் உள்ள பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ். பெஹ்ரிங்கர் யுஎம்சி1820, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 இரண்டிலும் 8 மைக்கும் 8 தனி ட்ராக்காகப் போகும். ஃபேடர் இல்லையே என்று வருந்த வேண்டாம். பதிவின்போது உங்களுக்குத் தேவைப்படுவது கெயின் குமிழ் மட்டும்தான். கலக்கும் வேலையைப் பிறகு ரீப்பர் போன்ற மென்பொருளில் நிதானமாகச் செய்யலாம்.

‘கோயில் கச்சேரிக்கும் அதுவே வேண்டும், மிக்சராகத்தான் இருக்க வேண்டும்’ என்றால், நால்வரும் இன்னும் கொஞ்சம் பங்கு போட்டு இவற்றைத் தேடுங்கள். ஜூம் லைவ்ட்ராக் எல்-12, 12 சேனலையும் தனித்தனியாக எஸ்டி கார்டிலேயே பதியும், லேப்டாப்பே வேண்டாம். டாஸ்காம் மாடல் 12-உம் கார்டில் பதியக்கூடியது. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, யுஎஸ்பியில் 14 ட்ராக் அனுப்பும். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18, 18 ட்ராக் அனுப்பும். அதில் ஃபேடரே கிடையாது, டேப்லெட்டில்தான் இயக்க வேண்டும்.

இங்கே மிகவும் கவனம் தேவை. சிக்னேச்சர் 12 என்றே இன்னொன்று உண்டு. பார்க்க அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஆனால் ‘எம்டிகே’ என்ற எழுத்துகள் இருக்காது; அதன் யுஎஸ்பியில் 2 ட்ராக்தான். எக்ஸ்ஆர் வரிசையிலும் இப்படியே. எக்ஸ்ஆர்12, எக்ஸ்ஆர்16 இரண்டும் பென்டிரைவில் ஸ்டீரியோவாகப் பதியுமே தவிர, கம்ப்யூட்டருக்குப் பல ட்ராக் அனுப்பாது. 18 மட்டும்தான் அனுப்பும். பழைய சாமான் விளம்பரங்களில் இந்தப் பெயர்களைப் பாதியாகத்தான் போடுகிறார்கள். மாடல் பெயர் முழுதாகத் தெரியும்படி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

தம்புராப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை மைக் சாக்கெட்டில் கொடுக்காமல் லைன் ஜாக்கில் கொடுங்கள். கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போடும்போது, பல மிக்சர்களில் அது எல்லா மைக் சாக்கெட்டுக்கும் சேர்ந்தே போகும். பெட்டி அதைத் தாங்காது.

கேள்வி: சர்ச் பாடகர் குழுவுக்காக மேக்கி ஆனிக்ஸ் 1640ஐ மிக்சர் ஒன்று மலிவாக வருகிறது. 16 ட்ராக்கும் தனித்தனியாக வருமாம். ஆனால் ஃபயர்வயர் இணைப்பு. அதை யுஎஸ்பியாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறதே, போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. அந்தக் கன்வெர்ட்டரில் ஆடியோ வேலை செய்யாது, அதற்குச் செலவழிக்காதீர்கள். மிக்சர் அருமையானது, மலிவாக வருவதற்குக் காரணமே அந்த ஃபயர்வயர்தான். ஆப்பிள் நிறுவனமும் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயரை அடியோடு நீக்கிவிட்டது. புது லேப்டாப்பை நம்பி வாங்கினால் வெறும் மேடை மிக்சராகத்தான் பயன்படும்.

ஒரே ஒரு வழி உண்டு. சர்ச்சில் பழைய டெஸ்க்டாப் சும்மா கிடந்தால், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள ஃபயர்வயர் கார்டை அதில் பொருத்தி, ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எதையும் அப்டேட் செய்யாதீர்கள். விற்பவரிடமே அப்படி ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் சேர்த்து விலை பேசுங்கள்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே பழைய அனலாக் மிக்சர் இருக்கிறது. யுஎஸ்பி இல்லை. பின்னால் ‘இன்சர்ட்’ என்று நாலைந்து ஜாக் இருக்கின்றன. ஏதாவது வழி உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: உண்டு. அந்த ஜாக் ஒவ்வொன்றிலும் அந்தச் சேனலின் சத்தம் மட்டும் தனியாக வெளியே வருகிறது. டிப், ரிங் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்த ஸ்டீரியோ பின்னை முழுதாகச் செருகி, மறுமுனையை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள். மிக்சரின் சத்தமும் அறுபடாது. சாதாரண மோனோ பின்னை முதல் ‘கிளிக்’ வரை பாதி செருகியும் செய்வார்கள். ஆனால் கால் பட்டால் நழுவிவிடும். பெரும்பாலான மிக்சர்களில் இது ஃபேடருக்கு முந்திய சத்தம், எனவே பதிவின் அளவைக் கெயினில்தான் வைக்க வேண்டும். உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டால் போதும். மிருதங்கத்தின் திடீர் அடிக்கு அந்த இடைவெளி வேண்டும்.

கேள்வி: நேரில் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: லேப்டாப், காதை மூடும் ஹெட்போன், டைனமிக் மைக் ஒன்று, கண்டென்சர் மைக் ஒன்று, உங்களுக்கு நம்பிக்கையான எக்ஸ்எல்ஆர் கேபிள் இவற்றை எடுத்துப்போங்கள். அந்த மாடலுக்கான டிரைவரை முதல் நாளே இறக்கிப் பாருங்கள். உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இல்லையென்றால் பஸ் செலவாவது மிச்சம்.

போனதும் மிக்சரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் பேச்சுக் கொடுங்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அதற்குள் போன் டார்ச்சைச் சாக்கெட்டுகளுக்குள் அடித்துப் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஒன்றிரண்டில் என்றால் துடைத்துவிடலாம், எல்லாவற்றிலும் என்றால் உள்ளே போர்டிலும் இருக்கும்.

பிறகு ரீப்பரில் 8 ட்ராக் திறந்து, முதல் ட்ராக்குக்கு முதல் இன்புட், இரண்டாவதற்கு இரண்டாவது என்று ஒதுக்கி, எல்லாவற்றையும் பதிவுக்குத் தயாராக வையுங்கள். மைக்கை முதல் சாக்கெட்டில் போட்டுப் பேசுங்கள். முதல் மீட்டர் மட்டும் ஏற வேண்டும். பேசிக்கொண்டே கேபிளை மெதுவாக ஆட்டுங்கள். ‘படபட’ என்றால் சாக்கெட்டின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. கெயினை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். ‘கரகர’ என்ற சத்தம் பத்திருபது முறை திருப்பியதும் குறைந்தால் அது தூசி, கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். குறையாவிட்டால் குமிழையே மாற்ற வேண்டும். கண்டென்சர் மைக்கால் ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஃபேன்டம் வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் மைக்கைக் கழற்றி, எல்லாச் சேனல் கெயினையும் முக்கால்வாசி ஏற்றி, ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். லேசான ‘ஸ்...’ எல்லாவற்றிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் கூடுதலாக இருந்தால் அந்த ப்ரீஆம்ப் களைத்துவிட்டது. அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

‘ஹம்’ கேட்டால் உடனே மிக்சரைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். அதோடு நின்றால் குற்றம் சார்ஜரிலோ எர்த்திலோதான்.

சின்ன மிக்சர் என்றால் அதோடு வந்த ஒரிஜினல் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்றவற்றின் அடாப்டர் ஏசி மின்சாரம் தருவது, பின்னும் தனி வகை. கடையில் கிடைக்கும் சாதாரண டிசி அடாப்டர் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த மிக்சர் என்றால் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால், நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிக் காட்ட அவரை அனுமதிக்காதீர்கள்.