நார்மல் ஆனதும் நிறுத்திய மாத்திரை

"பி.பி. நார்மல் ஆயிடுச்சே வதினா, இன்னும் எதுக்கு அண்ணனுக்கு மாத்திரை? கிட்னி போயிடும்." என் கணவரின் தம்பி சொன்ன இந்தப் பேச்சால் என் கணவருக்கு வலது கை விழுந்தது.

பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டிலேயே விசைத்தறி ஓடுகிறது. அவருக்கு வயது 58, எனக்கு 54. இருவருக்குமே பிரஷர். அவருக்கு 160/100 இருந்தது, அம்லோடிபின் போட்டபின் 130/80க்கு இறங்கியது. அந்த அளவு எழுதிய சீட்டைக் காட்டித்தான் மாத்திரையை நிறுத்த வைத்தார்கள். வேண்டாம் என்று நான் கத்தியது எடுபடவில்லை. மாத்திரைக்குப் பதில் முருங்கைக்கீரைச் சாறும் பூண்டும் வந்தன. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் 365 படியும் நிற்காமல் ஏறினார். "பாத்தீங்களா வதினா, இவருக்கா வியாதி?" என்றார் தம்பி.

ஐப்பசியில் ஒரு காலை, அறுந்த இழையை முடிய அவருக்கு விரல் வரவில்லை. வாய் கோணியது, பேச்சு குழறியது. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கரைத்தார்கள். வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108. மூளையில் ரத்தக்கட்டு அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் வீட்டிலேயே போய்விட்டது.

அந்த 130/80 மாத்திரை போட்டதால் வந்த அளவு. ரத்தக் குழாயின் இறுக்கத்தை அந்த மாத்திரைதான் தளர்த்தி வைக்கிறது. நிறுத்தினால் சில நாளில் அதன் வேலை தீர்ந்து, அழுத்தம் பழையபடி ஏறும். பெரும்பாலும் தலை சுற்றாது, நெஞ்சு படபடக்காது, படியும் ஏறலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத பிரஷர்தான். மாத்திரையைக் கிட்னியைக் காப்பாற்றவும்தான் தருகிறார்கள். இந்த மாத்திரையால் காலில் வீக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அளக்கும் முறை சுலபம். அரை மணிக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் பாருங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85க்கு மேல் அடிக்கடி காட்டினால் டாக்டரிடம் போங்கள்.

உப்பு விஷயத்தில் நம் ஆந்திர எல்லைப்பக்கத்துச் சமையலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அளவு மாற வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சொல்கிறது, அதாவது ஒரு சின்ன ஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. குழம்பு உப்பு, ஆவக்காய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நகரியிலிருந்து சொந்தக்காரர் ஆவக்காயை ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்தால் வாங்கி அக்கம்பக்கம் கொடுத்துவிடுகிறேன். கோபித்துக்கொண்டார்கள், கோபிக்கட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தறியில் நின்று முட்டி வலித்தால் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது நம் பக்கத்துப் பழக்கம். அது பிரஷரை ஏற்றும், கிட்னியையும் தாக்கும். பி.பி. இருப்பதைச் சொல்லி டாக்டரிடம் வலிக்கு மருந்து கேளுங்கள்.

மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்ற சாக்கும் இனி செல்லாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது.

கடைசியாகப் பெண்களுக்கு. மாதவிடாய் நின்ற பிறகு நமக்கு ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம். என் கணவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போன நான், என் கையையும் நீட்டினேன். அதனால்தான் எனக்கும் பிரஷர் இருப்பது தெரியவந்தது. இன்றுவரை ஒரு வேளை தவறாமல் மாத்திரை போடுகிறேன், யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன். அடுத்த முறை உங்கள் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது நீங்களும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.