வன உயிரின வாரியத்தில் ஓசூர்க் குரல்: யாரை, எப்படி முன்மொழிவது?

அறுவடை நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து இறங்கும் யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி ராகிக் கொல்லைகளை மேய்ந்து சானமாவு வரை வந்துவிடுகிறது. இழப்பீட்டுக்கு எங்கே மனு கொடுப்பது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்தக் காடு சரணாலயமாக வேண்டும் என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் மாநில வன உயிரின வாரியத்தில் ஆள் எப்படிச் சேர்கிறார்கள் என்றால் பலர் விழிக்கிறார்கள்.

தேர்தல் கிடையாது, அரசு நியமனம்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவை முதலில் படியுங்கள். முதலமைச்சர் தலைவர், வனத்துறை அமைச்சர் துணைத்தலைவர், தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுப்பினர் செயலர். 3 எம்.எல்.ஏ.க்கள் உண்டு. காவல், கால்நடை, மீன்வள அதிகாரிகள் போன்றோரை விட்டுவிடலாம். நாம் பார்க்க வேண்டியவை 13 இடங்கள்: தொண்டு நிறுவனங்களுக்கு 3, சூழலியல் அறிஞர்கள், ஆர்வலர்களுக்கு 10. இந்தப் பத்தில் குறைந்தது 2 பேர் பழங்குடியினராக இருந்தாக வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளில் இருளர்கள் வாழ்கிறார்கள். நம் வட்டாரம் உரிமையோடு பெயர் சொல்லக்கூடிய இடம் இதுதான் என்பேன்.

அடுத்தது தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தலைமைச் செயலகத்தில் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வாரியம் அமைத்த கடைசி அரசாணை, உறுப்பினர் பட்டியல், பதவிக்காலம் முடியும் நாள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாவற்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ஆண்டுக்கு 2 கூட்டமாவது நடத்தச் சொல்கிறது சட்டம். நடத்தினார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

பிறகு பெயர். "யானை ஆர்வலர்" என்ற ஒற்றை வரி கோப்பில் நிற்காது. பயிர்ச்சேதப் பதிவுகள், கணக்கெடுப்பில் பங்கேற்ற சான்று, வனத்துறையோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் தேதிவாரியாக இணையுங்கள். கிராமசபைத் தீர்மானம் கட்டாயமில்லை, இருந்தால் கனம். துறைச் செயலருக்கு மனு; உறுப்பினர் செயலருக்கும் ஓசூர் மாவட்ட வன அலுவலருக்கும் நகல். தொகுதி எம்.எல்.ஏ.விடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பழைய உறுப்பினர்களின் காலம் முடிவதற்குள் இதெல்லாம் போய்ச் சேர வேண்டும்; அரசாணை வந்தபின் எழுதிப் பயனில்லை.

பெயர் ஏறவில்லையா? 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022இல் வந்த காவிரி தெற்கு சரணாலயங்களுக்குள் வனத்தைப் பாதிக்கும் திட்டம் வந்தால் அரசு வாரியத்தைக் கலந்தாக வேண்டும். கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர் செயலருக்கு ஆட்சேபம் எழுதுங்கள். 2022 திருத்தத்தின்படி வாரியம் நிலைக்குழு அமைக்கலாம். இருக்கிறதா, அதில் யார் என்றும் கேட்டு வையுங்கள்.

பன்னேர்கட்டா விவகாரம் கர்நாடக வாரியத்துக்குப் போகும். அதற்கும் இதே சட்டம், தலைவர் அம்மாநில முதலமைச்சர். எல்லை தாண்டும் யானை பற்றிய மனு என்றால் பெங்களூருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.